தூங்கினால் எழுப்பும் லாரி: சிவகாசி பட்டாசு லோடுக்கு இது எவ்வளவு உதவும்?

டிரைவர் கண் அசந்தால் கேபினில் ஒரு சத்தம். வண்டி கோட்டைத் தாண்டினால் இன்னொரு சத்தம். முன்னால் போகும் வண்டி திடீரென்று நின்றால், காலை வைக்காமலேயே பிரேக். விலை உயர்ந்த கார் விளம்பரங்களில் பார்த்துப் பழகிய இந்த விஷயங்கள் இப்போது லாரிக்கும் பஸ்ஸுக்கும் வரப்போகின்றன.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 மார்ச்சில் ஒரு வரைவு அறிவிப்பு வெளியிட்டது. டிரைவரைத் தவிர எட்டுப் பேருக்கு மேல் ஏற்றும் வாகனங்கள், பஸ்கள், மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்கள் ஆகியவற்றில் தானியங்கி அவசர பிரேக், தூக்க எச்சரிக்கை, கோடு விலகல் எச்சரிக்கை ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். புது மாடல்களுக்கு 2026 ஏப்ரல், ஏற்கெனவே உள்ள மாடல்களுக்கு 2026 அக்டோபர் என்று வரைவில் தேதி போட்டிருந்தார்கள். வரைவுத் தேதிகள் தள்ளிப்போவது நம் ஊரில் புதிதல்ல என்பதால், தேதியைவிட விஷயத்தைப் பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘ஏற்கெனவே உள்ள மாடல்’ என்றால், இப்போது சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் லாரி இல்லை. கம்பெனி தொடர்ந்து தயாரித்து விற்கும் மாடல் என்று அர்த்தம். பத்து வருஷம் ஓடிய லாரி வைத்திருப்பவருக்கு இந்த வரைவால் ஒரு மாற்றமும் இல்லை.

வண்டிக்கு எப்படித் தெரியும்?

அவசர பிரேக்குக்குக் கண் மாதிரி இருப்பது ரேடார். பம்பர் பக்கம் பொருத்தப்பட்ட ஒரு சின்னப் பெட்டி 77 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ரேடியோ அலையை அனுப்பும். முன்னால் இருக்கும் வண்டியில் பட்டுத் திரும்பும் அலையை வைத்து, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்று கணக்குப் போடும். பல வண்டிகளில் கேமராவும் சேர்ந்து பார்க்கும். மோதல் உறுதி என்று தெரிந்தால் முதலில் டிரைவரை எச்சரிக்கும். கனரக வாகனங்களுக்கான ஐ.நா. விதி 131, பிரேக் பிடிப்பதற்குக் குறைந்தது 1.4 வினாடி முன்னால் முதல் எச்சரிக்கை வர வேண்டும் என்கிறது. 60 கி.மீ. வேகத்தில் போகும் லாரி அந்த 1.4 வினாடியில் சுமார் 23 மீட்டர் ஓடிவிடும்.

கோடு விலகல் எச்சரிக்கை கொஞ்சம் எளிமையானது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா சாலையில் உள்ள வெள்ளைக் கோட்டைப் பார்க்கும். இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தாண்டினால் கத்தும். கோடே இல்லாத சாலையில் அதற்கு வேலை இல்லை.

தூக்க எச்சரிக்கைதான் சுவாரஸ்யமானது. இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஸ்டீயரிங்கை டிரைவர் எப்படித் திருப்புகிறார் என்று கவனிப்பது. தூக்கம் வரும்போது கொஞ்ச நேரம் அசைவே இருக்காது, பிறகு சட்டென்று ஒரு வெட்டு வரும். இன்னொன்று, முகத்தைப் பார்க்கும் கேமரா. இமை எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்று எண்ணும். எந்தக் கட்டத்தில் எழுப்ப வேண்டும் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் கரோலின்ஸ்கா தூக்க அளவுகோலைப் பயன்படுத்துகிறது. 1 முதல் 9 வரை உள்ள அதில் 8 வந்ததும் எச்சரிக்க வேண்டும். ‘தூக்கம் வருகிறது, விழித்திருக்கக் கொஞ்சம் பாடுபட வேண்டியிருக்கிறது’ என்ற நிலைதான் 8. ராத்திரி லோடு ஓட்டும் யாரிடமும் கேட்டுப் பாருங்கள், அந்த நிலை எத்தனை மணிக்கு வரும் என்று சரியாகச் சொல்வார்கள்.

சிவகாசியில் ஏன் கணக்கு இடிக்கிறது?

நாட்டின் பட்டாசில் சுமார் 90 சதவீதம் சிவகாசி வட்டாரத்தில் தயாராகிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் அது லாரி லாரியாக வட மாநிலங்களுக்குப் போகிறது. வெடிபொருள் விதிகள், 2008-ன்படி பட்டாசு ஏழாம் வகுப்பு வெடிபொருள். அதை ஏற்றிக்கொண்டு இரண்டு, மூன்று ராத்திரி ஓட்டுகிறவருக்குத் தூக்க எச்சரிக்கை இருந்தால் நல்லதுதானே?

நல்லதுதான். ஆனால் மத்திய மோட்டார் வாகன விதி 118 என்று ஒன்று இருக்கிறது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அதாவது ஸ்பீடு கவர்னர் பற்றியது. பொதுவாகப் போக்குவரத்து வாகனங்களுக்கு 80 கி.மீ. உச்சம். டேங்கர், பள்ளி பஸ், ஆபத்தான சரக்கு ஏற்றும் வாகனம் ஆகியவற்றுக்கு 60 கி.மீ.தான்.

இப்போது எச்சரிக்கை பக்கம் வருவோம். கோடு விலகல் எச்சரிக்கைக்கான ஐ.நா. விதி 130, கருவி குறைந்தபட்சம் 60 கி.மீ.க்கு மேல் வேலை செய்தால் போதும் என்கிறது. தூக்க எச்சரிக்கை 70 கி.மீ.க்கு மேல் தானாக இயங்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய விதி. இந்தியத் தரநிலைகள் பெரும்பாலும் இந்த சர்வதேச விதிகளைப் பார்த்து எழுதப்படுபவை. ஆக, சட்டப்படி 60-ஐத் தாண்டக் கூடாத வண்டியில், 60-க்கும் 70-க்கும் மேல்தான் கண் விழிக்க வேண்டிய கட்டாயம் உள்ள கருவி! விதியை மதித்து ஓட்டும் டிரைவரைவிட, கவர்னர் ஒயரைப் பிடுங்கிவிட்டு 75-ல் பறப்பவருக்குத்தான் அது அதிகம் உதவும்.

இது குறைந்தபட்ச விதி, கம்பெனிகள் விரும்பினால் குறைந்த வேகத்திலேயே கருவியை இயக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் கட்டாயம் இல்லாததை லாரி விற்கும் கம்பெனி எத்தனை தூரம் தானாகச் செய்யும்? வெடிபொருள் ஏற்றும் வண்டிக்குத் தனியாக ஒரு கீழ் வரம்பு வைப்பதில் தொழில்நுட்பச் சிக்கல் பெரிதாக இல்லை. வரைவு நிலையிலேயே கேட்க வேண்டிய கேள்வி இது.

அவசர பிரேக் விஷயத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அது 15 கி.மீ. வேகத்திலிருந்தே விழித்திருக்க வேண்டும் என்கிறது ஐ.நா. விதி. முன்னால் நிற்கும் வண்டியில் பட்டாசு லாரி போய் இடிக்காமல் தடுப்பது இந்த மூன்றில் இதுதான். என்னைக் கேட்டால், ஒன்றை மட்டும் சீக்கிரம் கொண்டுவர முடியும் என்றால் இதைத்தான் கொண்டுவர வேண்டும்.

அடுத்தது சாலை. விருதுநகர், சாத்தூர் வழியாகப் போகும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கோடு இருக்கிறது, கேமராவுக்குத் தெரியும். ஆனால் பட்டாசின் பயணம் அங்கே தொடங்குவதில்லை. வெம்பக்கோட்டை, தாயில்பட்டி பக்கத்துக் கிராமச் சாலைகளில் தொடங்குகிறது. ஆலையிலிருந்து குடோனுக்கும், குடோனிலிருந்து கடைக்கும் சரக்கைக் கொண்டுபோவதில் குட்டி யானை மாதிரி சின்ன வண்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. மூன்றரை டன்னுக்குக் கீழே இருப்பதால் அவை வரைவுக்குள் வரவே இல்லை. பைக்கைச் சொல்லவே வேண்டாம். 2021 தீபாவளி அன்று புதுச்சேரி எல்லையில் கோட்டக்குப்பம் அருகே நாட்டு வெடி எடுத்துச் சென்ற ஸ்கூட்டர் வெடித்து, ஓட்டிச் சென்ற தந்தையும் ஏழு வயது மகனும் இறந்தார்கள்.

ரேடார் அலையால் பட்டாசு வெடிக்குமா?

இந்தச் சந்தேகம் நியாயமானது. ‘செல்போனை அணைத்து வையுங்கள்’ என்ற போர்டை வெடிபொருள் இருக்கும் இடங்களில் பார்த்திருப்போம். ரேடியோ அலைக்குப் பயப்பட வேண்டியது முக்கியமாகக் கல்குவாரிகளில் பயன்படும் மின் டெட்டனேட்டர்களுக்குத்தான். அவற்றின் ஒயர் ஆண்டெனா மாதிரி அலையைப் பிடித்துக்கொள்ளலாம். சிவகாசிப் பட்டாசில் இருப்பது திரி. அதற்குச் சூடு, பொறி, உராய்வு, அடி ஆகியவைதான் எமன். வண்டி ரேடாரின் சக்தி மிகக் குறைவு.

பயப்பட வேண்டியது ரேடாருக்கு இல்லை, ஒயரிங்குக்கு. பழைய லாரியில் ரோட்டோரக் கடையில் கேமராவும் அலாரமும் மாட்டும்போது, ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக இழுக்கப்படும் ஒயர் உரசித் தேய்ந்தால் பொறி வரும். பட்டாசு லோடு ஏற்றும் வண்டியில் அந்த வேலையை நல்ல எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும்.

வண்டி நிற்கும்போது?

எச்சரிக்கைக் கருவிகள் பற்றிப் பேசும்போது இதுதான் விட்டுப்போகிறது. பட்டாசும் வாகனமும் சம்பந்தப்பட்ட பெரிய விபத்துகளை எடுத்துப் பாருங்கள். 2016 அக்டோபர் 20, சிவகாசி: வண்டியில் பட்டாசு ஏற்றும்போது தீப்பிடித்தது. புகை பக்கத்து ஸ்கேன் சென்டருக்குள் புகுந்து, குறைந்தது 8 பேர் இறந்தார்கள். 2023 அக்டோபர் 7, ஓசூரைத் தாண்டியதும் வரும் அத்திப்பள்ளி: லாரியிலிருந்து பட்டாசுப் பெட்டிகளை இறக்கும்போது தீ. 14 பேருக்கு மேல் பலி, பெரும்பாலோர் தமிழ்நாட்டு இளைஞர்கள். பட்டாசு இல்லையென்றாலும், 2024 மே 1-ல் விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி அருகே கல்குவாரியில் வெடிபொருள் இறக்கும்போது நடந்த விபத்தில் மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள்.

மூன்றிலும் வண்டி ஓடவில்லை. டிரைவர் தூங்கவில்லை. கோட்டைத் தாண்டவில்லை.

2022 ஜனவரியில் மத்திய அரசு நீண்டதூர பஸ்களிலும் பள்ளி பஸ்களிலும் பயணிகள் பகுதியில் தீ எச்சரிக்கை அமைப்பைக் கட்டாயமாக்கும் அறிவிப்பு வெளியிட்டது. அது பஸ்களுக்கு மட்டும். தார்ப்பாய்க்குக் கீழே சூடு ஏறுவதை கேபினுக்குச் சொல்லும் ஒரு சென்சார் பட்டாசைக் காப்பாற்றாது. ஆனால் வண்டியிலிருந்தும் பக்கத்துக் கட்டடத்திலிருந்தும் ஆட்கள் ஓடுவதற்குச் சில வினாடிகள் கொடுக்கலாம். அந்த ஸ்கேன் சென்டரை நினைத்தால், சில வினாடி என்பது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ஏற்கெனவே இருப்பது என்ன?

புதுச் சட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லாதவையும் உண்டு. ஆபத்தான சரக்கு வண்டியில் ஓடிய நேரம், வேகம் எல்லாவற்றையும் பதியும் கருவி இருக்க வேண்டும் என்று 1989 மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. 2022 செப்டம்பரிலிருந்து புது மாடல்களிலும், 2023 ஜனவரியிலிருந்து மற்ற மாடல்களிலும், ஆபத்தான சரக்கு ஏற்றும் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு இருப்பிடம் காட்டும் கருவி கட்டாயம். டிரைவர் ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று 2025 வரை நடைமுறையில் இருந்த 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்த எட்டு மணி நேரம் மீறப்படுகிறதா என்று கண்டுபிடிக்கத் தேவையான தகவல் இந்தக் கருவிகளிலேயே கிடைக்கும்.

அந்தத் தகவலை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கு நாக்பூரில் ஒரு முன்மாதிரி உண்டு. 2021-ல் தொடங்கிய ஐராஸ்டே திட்டத்தில் அங்குள்ள நகர பஸ்களில் மோதல் எச்சரிக்கைக் கருவிகள் பொருத்தினார்கள். எந்த இடத்தில் அடிக்கடி எச்சரிக்கை அடிக்கிறது என்பதை வைத்து, விபத்து நடப்பதற்கு முன்பே ஆபத்தான இடங்களைக் கண்டுபிடிப்பது நோக்கம். சிவகாசி-சாத்தூர் சாலையில் ஒரு சீசன் ஓடும் லாரிகளின் தகவல் மட்டுமே அந்தச் சாலையைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

ஆனால் தகவல் யார் கைக்குப் போகிறது என்பது டிரைவருக்கு முக்கியம். ஐரோப்பிய விதிப்படி தூக்க எச்சரிக்கையின் பதிவு வண்டிக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும், வெளியாருக்குத் தரக் கூடாது. நம் ஊரில் முதலாளிகள் தாங்களே வாங்கி மாட்டும் கேமராக்கள் பல, டிரைவர் கொட்டாவி விட்டதை முதலாளியின் செல்போனுக்கே அனுப்புகின்றன. அந்த மெசேஜைப் பார்த்துவிட்டு முதலாளி வண்டியை ஓரம் கட்டிப் படுக்கச் சொல்லலாம், சம்பளத்திலும் பிடிக்கலாம். பிடிப்பார் என்று தெரிந்த டிரைவர் கேமராவில் டேப் ஒட்டிவிடுவார். வரைவு இறுதியாகும்போது இதற்கும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.