குழாயில் இருப்பது என்ன?

"கீழா 2, புதிது." எங்கள் ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியில் கிடந்த ஒரு சிறு குழாயின்மேல் இவ்வளவுதான் எழுதியிருந்தது. கீழாநெல்லிச் சாறு, எனக்கு முன் பட்டம் முடித்த அண்ணன் ஒருவர் விட்டுச் சென்றது. இறுதியாண்டு ஆய்வுக்கு வேலை மிச்சம் என்று மகிழ்ந்தேன். ஆனால், செடி எங்கே பறித்தது? நீரில் எடுத்த சாறா, எத்தனாலில் எடுத்ததா? எத்தனை முறை உருக்கி மீண்டும் உறைய வைத்தார்கள்? எவருக்கும் தெரியவில்லை. பாட்டிமார் கீழாநெல்லி என்று சொல்வதில் பில்லாந்தஸ் நிரூரி, பில்லாந்தஸ் அமாரஸ் என ஒன்றுபோலவே தோன்றும் இனங்கள் உண்டு. குழாயை எறிந்துவிட்டுச் செடி தேடிப் புறப்பட்டேன். மூன்று வாரம் போயிற்று.

அண்ணன்மீது குறை சொல்ல மாட்டேன். அவர் எக்செல்லில் பட்டியல் வைத்திருந்தார். அதன் மூன்று பிரதிகள் கிடைத்தன. மூன்றின் பெயரிலும் 'இறுதி' என்றிருந்தது!

"மாதிரிகளைக் குறித்து வைக்க எக்செல் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. மார்ச்1 என்ற மரபணுவின் பெயரை அது மார்ச் முதல் தேதியாக மாற்றிவிடும். இந்தத் தொல்லை தாளாமல், 2020இல் மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயர்களையே மாற்றினார்கள். கணக்குப் பார்க்கப் பிறந்த கருவியை மாதிரிக் காப்பாளராக்கியது நம் தவறு.

தரவுத்தள மென்பொருளில் ஒவ்வொரு குழாய்க்கும் ஓர் எண் உண்டு. எந்தத் தட்டு, எந்தப் பெட்டி, 81 குழிகளில் எது, எந்தத் தாய்மாதிரியிலிருந்து பிரித்தது, யார் எப்போது திருத்தினார் என்பதெல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். காசில்லை என்ற சாக்கும் செல்லாது. 2012இல் பாரிஸின் கியூரி ஆய்வகத்தில் தொடங்கிய ஈலேப்எப்டிடபிள்யூ இருக்கிறது. மனிதத் திசு, இரத்த மாதிரிகளைக் காக்கும் உயிர்வங்கிகளுக்காகத் தென்னாப்பிரிக்காவின் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தில் உருவான பாவோபாப் இருக்கிறது. வசதி குறைந்த ஆய்வகங்களை மனத்தில் வைத்தே இதைச் செய்தார்கள்.

இவை இலவசம் மட்டுமல்ல, கட்டற்றவை. ஆங்கிலம் ஒரே சொல்லில் குழப்புவதை நம் மொழி இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். கட்டற்றது என்றால் நம் தேவைக்கேற்ப மாற்றலாம். நாங்கள் 'ஊர்ப்பெயர்' என்று ஒரு கட்டம் சேர்த்தோம். அறிவியல் பெயருக்கு அருகில், செடியைக் காட்டிக்கொடுத்த தோட்டத்துப் பெரியவர்கள் சொன்ன பெயர் தமிழிலேயே நிற்கிறது.

ஆனால் நண்பர்களே, இலவசம் என்றால் உழைப்பில்லை என்று எண்ணிவிடாதீர்கள். நானும் நண்பர் இருவரும் பழைய கணினி ஒன்றில் இதை நிறுவினோம். ஏறக்குறைய நானூறு குழாய்களைக் கையுறை போட்ட விரல் மரத்துப்போக ஒவ்வொன்றாய் எடுத்துப் பதிந்தோம். எத்தனால் பட்டு எழுத்து அழிந்தவை எத்தனையோ! அவற்றை 'அறியப்படாதவை' என்று தனிப்பெட்டியில் போட்டோம். முதல் மாதம் காப்புப்பிரதி எடுக்க மறந்தோம்; கணினி நின்றது; பாதியை மீண்டும் பதிந்தோம். நிறுவுவது ஒருநாள் வேலை, பார்த்துக்கொள்வதுதான் வேலை. விரிவுரையாளர்கள் இதை மாணவர் ஆர்வத்துக்கு விட்டுவிடாமல் ஒருவர் பெயரில் பொறுப்பாக எழுதித் தர வேண்டும். ஆய்வு மதிப்பெண்ணில் சிறு பங்கும் தரலாம்.

இப்போது வெள்ளிக்கிழமை மாலைகளில் காப்புப்பிரதி எடுப்பது நான். அடுத்த பருவத்தோடு என் படிப்பு முடிகிறது. இதை ஏற்றுக்கொள்ள முதலாமாண்டில் இருவரைக் கேட்டிருக்கிறேன். ஒருவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.