அணை கட்டியவர்கள் குடியிருந்த ஊர் எங்கே?

கேள்வி: தை மாதம் பென்னிகுயிக் பிறந்தநாளுக்கு எங்கள் பக்கம் பொங்கல் வைக்கிறோம். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கூலியாட்கள் எங்கே தங்கினார்கள்? அந்த ஊர் இப்போதும் இருக்கிறதா?
– வாசகர் ஒருவர், கூடலூர், தேனி மாவட்டம்.

பதில்: இல்லை. 1887-ல் வேலை தொடங்கி 1895-ல் முடியும்வரை, அணைக்குப் பக்கத்தில் காட்டுக்குள் இருந்த முகாம்தான் அவர்களுக்கு ஊர். வேலை முடிந்ததும் ஆட்கள் இறங்கிவிட்டார்கள். இடத்தைக் காடு எடுத்துக்கொண்டது. இன்று அந்தப் பகுதி கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. நினைத்த நேரத்தில் போய்ப் பார்த்துவிட முடியாது.

அந்த முகாமில் கூலியாட்களோடு, ‘மெட்ராஸ் பயனியர்ஸ்’ படைப்பிரிவின் ஆட்களும், கொச்சியிலிருந்து வந்த போர்ச்சுக்கீசியத் தச்சர்களும் இருந்தார்கள். சுண்ணாம்புகூட கீழேயிருந்துதான் மலையேற வேண்டும். அந்தச் சுண்ணாம்பையும் செங்கல் பொடியான சுர்க்கியையும் கலந்துதான் அணையின் உட்பகுதியைக் கட்டினார்கள்.

ஆற்று வெள்ளம் ஒரு பக்கம் கட்டியதை அடித்துக்கொண்டு போனது. அதைவிடப் பெரிய எதிரி மலேரியா. காய்ச்சல் காலம் வந்தால் முகாம் காலியாகிவிடும். மறுபடி வேலை தொடங்க ஆள் திரட்ட வேண்டும். அணை வேலையில் இருந்த பொறியாளர் மெக்கன்சி பின்னர் அதன் வரலாற்றை எழுதினார். சாராயம் இல்லாவிட்டால் அணையே முடிந்திருக்காது என்ற பொருளில் அதில் ஒரு குறிப்பு இருக்கிறது. குளிருக்கும் காய்ச்சலுக்கும் அதையே மருந்தாக நம்பிய காலம் அது.

மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்று ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தது 1897-ல். அணை முடிந்து இரண்டு வருடம் கழித்து! எதனால் சாகிறோம் என்று தெரியாமலே அங்கே செத்தவர்கள் பலர். நோயில் மட்டும் 483 பேர் இறந்தார்கள் என்பது கணக்கு. அவர்களை அணைக்கு வடக்கே, அங்கேயே அடக்கம் செய்தார்கள். முகாம் போய்விட்டது, இடுகாடுதான் மிச்சம்.

அவர்கள் கட்டிய அணையில் தேங்கும் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அதை நம்பித்தான் இருக்கிறது. அதைத் தாண்டி வைகையில் சேர்ந்து மதுரை, மேலூர் வரை பாய்கிறது. பென்னிகுயிக்குக்கு லோயர் கேம்பில் 2013-ல் மணிமண்டபம் திறந்தார்கள். அது நியாயமான மரியாதை. அடுத்த பொங்கலில் அந்த 483 பேருக்கும் சேர்த்து ஒரு விளக்கு ஏற்றலாம்.

இன்னொன்றும் செய்யலாம். நடவுக்கும் அறுப்புக்கும் இப்போதும் வெளியூர் ஆட்கள் வந்து மோட்டார் கொட்டகையிலும் களத்திலும் படுக்கிறார்கள். தொட்டி, பழைய டயர், உடைந்த குடம் என்று தண்ணீர் தேங்கும் எதையும் அவர்கள் தங்கும் இடத்தருகே விடாதீர்கள். ஆளுக்கொரு கொசுவலை கொடுங்கள். யாருக்காவது குளிர்காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மலையில் இருந்தவர்களுக்குத் தெரியாத காரணம் இன்று நமக்குத் தெரியும்.