முன்பல் இடைவெளி

மன்னார்த் தீவிலே, பேசாலைக் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த அன்பர் ஒருவருடன் சென்ற வாரம் உரையாடிக்கொண்டிருந்தோம். அருகே நின்ற அவருடைய எட்டு வயது மகள் சிரித்தபோது, மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சிறியதோர் இடைவெளி தெரிந்தது.

“பிள்ளை குமரானால் இது ஒரு குறையாகப் போய்விடுமே, ஐயா! இறப்பர் வளையம் ஒன்றை மாட்டி இறுக்கினால் ஒட்டிவிடாதோ?” என வினவினார். நாம் அளித்த விடை வேறு வீடுகளுக்கும் பயன்படுமாதலால் இங்கே எழுதுகின்றோம்.

அடுத்தடுத்த பற்கள் பக்கம் முழுவதும் ஒட்டி நிற்பதில்லை. முன்பல் ஒவ்வொன்றும் நுனியருகே அகன்றும் ஈறருகே ஒடுங்கியும் இருப்பதால், சிறு பரப்பிலேயே ஒன்றையொன்று தொடுகின்றன. நடுப்பற்கள் இரண்டும் நுனிக்கு அண்மையில் தொடும். வேட்டைப்பல்லை நோக்கிச் செல்லச் செல்லத் தொடுமிடம் ஈறுப் பக்கமாக மேலேறும். முன்னிருந்து நோக்குவோர்க்குப் பற்கள் சேர்ந்திருப்பனபோலத் தோன்றும் நீளத்திற்கும் கணக்குண்டு. 2001ஆம் ஆண்டில் மோர்லி, யூபேங்க் என்னும் அமெரிக்கப் பல் வைத்தியர் இருவர் அதனை வகுத்தனர். அழகிய வரிசையில், நடுப்பற்கள் இரண்டுக்கும் இடையே இந்நீளம் நடுப்பல்லின் நீளத்தில் 50 வீதம். நடுப்பல்லுக்கும் பக்கப்பல்லுக்கும் இடையே 40 வீதம். பக்கப்பல்லுக்கும் வேட்டைப்பல்லுக்கும் இடையே 30 வீதம். நடுப்பல் 10 மில்லிமீற்றராயின் முறையே 5, 4, 3 மில்லிமீற்றர் எனக் கொள்க.

ஆயினும் இவ்வளவெல்லாம் வளர்ந்தோர்க்கே உரியன. எட்டு வயதில் இதனைத் தேடுவது, பிஞ்சைப் பார்த்துப் பழுக்கவில்லையே என்று நோவது போலாகும். மேல் நடுப்பற்கள் 7, 8 வயதிலும், பக்கப்பற்கள் 8, 9 வயதிலும் முளைக்கின்றன. வேட்டைப்பற்களோ 11, 12 வயதிலேயே வெளிவரும். அதுவரை எலும்பினுள் இருந்து பக்கத்து வேர்களை நெருக்குவதால் முன்பற்கள் நுனி விரிந்து நிற்கும். வேட்டைப்பற்கள் இறங்கி வருங்கால் அதே பற்களை நடுநோக்கித் தள்ள, 2 மில்லிமீற்றருக்கு மேற்படாத இடைவெளி பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். அதனினும் அகன்றிருந்தாலோ, வேட்டைப்பற்கள் வந்த பின்னும் நிலைத்தாலோ பல் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். மேலதிகப் பல்லொன்று உள்ளே மறைந்திருத்தலும் கூடும்.

இறப்பர் வளையத்தை மாத்திரம் எவரும் மாட்டவேண்டாம். பல்லின் வேர் கூம்புபோல் ஒடுங்குவது. வளையம் வழுக்கி ஈறினுள் மறைந்து, வேரைத் தாங்கும் நாரையும் எலும்பையும் மெல்ல மெல்ல அழித்துவிடும். வளையம் கழன்று விழுந்துவிட்டதென வீட்டார் எண்ணியிருக்க, நல்ல பற்கள் ஆடி விழுந்த நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளன.

இவற்றைக் கேட்டு மனந்தேறிய அன்பர், கையிலிருந்த தங்கூசியை முன்பல்லாற் கடித்து அறுத்தார். அப்பல்லின் நுனியிலே பள்ளம் விழுந்திருந்தது.

“மகளின் பல் தானே சேரும், உங்கள் பல்லில் தேய்ந்தது மீண்டும் வளராது. இனிக் கத்தியால் அறுங்கள்” என்றோம்.

சிறுமி, இடைவெளி தெரிய, இன்னொரு முறை சிரித்தாள்.