தண்டோரா நம் கையில், நாற்காலி யார் கையில்?

ஊருக்குச் சேதி சொல்லும் வேலை நமக்குப் புதிதல்ல. காலரா வந்தாலும், வரி கட்டச் சொன்னாலும், ஏரி உடைந்தாலும், பெரிய வீட்டில் சாவு விழுந்தாலும் தெருத்தெருவாகத் தப்பை தட்டிச் சொன்னவன் சேரிக்காரன். 'இதனால் சகலமானவர்களுக்கும்' என்று ஆரம்பிக்கிற அந்தச் சேதியில் ஒரு வார்த்தைகூட அவனுடையது கிடையாது. மேலே இருக்கிறவன் சொன்னதைக் கீழே கொண்டுபோவான். கீழே இருக்கிறவன் கேட்பதை மேலே கொண்டுபோக அவனுக்கு வழியில்லை. ஏன், எதற்கு என்று நின்று கேட்டால் அடிதான்.

2022 ஆகஸ்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர், தண்டோரா போடுவதைத் தடை செய்யச் சொல்லி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாமே, இந்தக் காலத்திலும் எதற்கு ஒரு மனிதன் தெருத்தெருவாய்ப் பறையடித்துப் போக வேண்டும் என்பதுதான் அதன் சாரம். சரிதான், வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பறை போனதோடு அந்த ஏற்பாடும் போய்விட்டதா? சேதி மேலிருந்து கீழேதான் வரும், கேள்வி கீழேயிருந்து மேலே போகக் கூடாது என்கிற ஏற்பாடு? கொரோனா காலத்தைத் திரும்பிப் பார்த்தால் அது அப்படியே உட்கார்ந்திருப்பது தெரியும்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. அன்றிலிருந்து மக்களுக்குச் சேதிப் பஞ்சம் இருந்ததில்லை. பிரதமர் பேசினார், முதலமைச்சர் பேசினார், சுகாதாரத் துறைச் செயலாளர் தினமும் மாவட்டவாரியாக எண்ணிக்கை சொன்னார். கை கழுவு, விலகி நில், வீட்டுக்குள் இரு. ஒரே அறையில் ஆறு பேர் படுத்தெழும்பும் காலனி வீட்டில் எவனை விட்டு எவன் விலகுவது? தெருக்குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி வந்தால் எத்தனை தடவை கை கழுவுவது? இதைக் கேட்க ஒரு இடம் வேண்டுமே, அது எங்கே இருந்தது?

அந்தச் சொல்லையே பாருங்கள்: 'சமூக இடைவெளி'. உடலுக்கு உடல் இடைவெளி என்று சொல்லியிருந்தால் போதும். உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் அப்படித்தான் மாற்றிச் சொல்லத் தொடங்கியது. நம்ம ஊரில் பலரும் மாற்றவில்லை. ஏனென்றால் சமூக இடைவெளி இங்கே எவனுக்கும் உறுத்தாத சொல். ஊருக்கும் சேரிக்கும் நடுவே அதை அளந்து வைத்துத்தானே ஊரே கட்டியிருக்கிறான்! தொடாதே, கிட்டே வராதே, தனிக் குவளையில் குடி என்பதெல்லாம் மருத்துவ ஆலோசனையாகத் திரும்பி வந்தபோது, 'நாங்க அப்பவே சொன்னோமே' என்று சிரித்தவர்களையும் பார்த்தோம்.

திருவதிகையை எடுத்துக்கொள்வோம். நாவுக்கரசருக்குச் சூலை நோய் தீர்ந்த தலம் என்று பெரியபுராணம் பேசும் ஊர். நோய் வந்ததும் தீர்ந்ததும் எப்படி என்று ஆயிரத்து முன்னூறு வருஷமாய்க் கதை சொல்லிவரும் இந்த ஊருக்கு, 2020இல் தொற்றுநோய் பற்றிப் போய்க் கேட்க ஒரு கவுன்சிலர் கிடையாது. பண்ருட்டி நகராட்சி மட்டுமல்ல, தமிழ்நாட்டின் எந்த நகராட்சியிலும் கிடையாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19இல்தான் தேர்தல் நடந்தது. ஊரடங்கு, முதல் அலை, ஆக்சிஜனுக்கு அலைந்த 2021இன் இரண்டாம் அலை, அதற்கடுத்த அலை, எல்லாம் வந்து போன காலம் முழுக்க வார்டுக்கு ஆளில்லை. அதிகாரிகள் ஆண்டார்கள். அதிகாரி கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. ராத்திரி பகலாய் ஓடியவர்கள் உண்டு. ஆனால் அவரை நாம் தேர்ந்தெடுக்கவில்லை, அடுத்த தேர்தலில் அவர் நம் வாசலுக்கு வரப்போவதும் இல்லை. அப்புறம் எதற்கு நமக்குப் பதில் சொல்வார்?

சரி, கவுன்சிலர்தான் இல்லை, எம்.பி. இருந்தாரே? இருந்தார்கள். சிதம்பரம் தனித்தொகுதிக்கு ஒருவர், கடலூருக்கு ஒருவர். 2020 ஏப்ரல் 6 அன்று மத்திய அமைச்சரவை, எம்.பி.க்களின் தொகுதி வளர்ச்சி நிதியை இரண்டு வருஷத்துக்கு நிறுத்தியது. ஆண்டுக்கு 5 கோடி வீதம் எல்லோருடையதும் சேர்ந்து 7,900 கோடி ரூபாய் டில்லியின் கஜானாவுக்குப் போனது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு கருவி, ஒரு ஆம்புலன்ஸ் என்று எம்.பி. தன் பொறுப்பில் தரக்கூடியது எதுவோ, அது தேவைப்பட்ட நேரத்தில் பிடுங்கப்பட்டது. 2021 நவம்பரில்தான் திரும்பி வந்தது. பணம் போகட்டும், வாயாவது இருந்ததா? 2020 செப்டம்பரில் கூடிய நாடாளுமன்றத்தில் கேள்வி நேரமே இல்லை. அந்த வருஷக் குளிர்காலக் கூட்டத்தொடர் நடக்கவே இல்லை. பூனா ஒப்பந்தத்தால் கிடைத்த தனித்தொகுதியில் ஏற்கெனவே நம் ஆளின் கை பாதிதான் நீளும். அந்தப் பாதியும் கட்டப்பட்டது.

டில்லியில் கேள்வி நேரத்தை நிறுத்தியவர்களைப் போலவே கிராமத்தில் கிராம சபையை நிறுத்தினார்கள். 2020 அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டம் தொற்றுப் பரவலைக் காரணம் காட்டிக் கடைசி நேரத்தில் ரத்தானது. ஆனால் அந்த வருஷம் மே 7ஆம் தேதியே டாஸ்மாக் கடைகளைத் திறந்து வரிசையில் நிற்க வைத்தார்கள். மைதானத்தில் தள்ளித்தள்ளி உட்கார்ந்து 'எங்க ஊருக்கு டாக்டர் எப்ப வருவாரு' என்று கேட்டால் கொரோனா வந்துவிடும், சாராயத்துக்கு வரிசையில் நின்றால் வராது. என்னா கணக்கு இது?

இந்தக் காலத்தில்தான் கோயம்பேடு நடந்தது. 2020 ஏப்ரல் கடைசியில் அந்த மார்க்கெட்டில் தொற்று பரவி, மே 5இல் அதை மூடினார்கள். அங்கே மூட்டை தூக்கிப் பிழைத்த கடலூர், அரியலூர், விழுப்புரம் பக்கத்து ஆட்கள் கிடைத்த லாரியில் ஊர் திரும்பினார்கள். மே 4 அன்று ஒரே நாளில் கடலூர் மாவட்டத்து எண்ணிக்கை நூறைத் தாண்டியது. பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் அடைத்து வைக்கப்பட்டவர்கள், நேற்றுவரை ஊரே சாப்பிட்ட காய்கறியைத் தூக்கியவர்கள். ஒரே நாளில் 'கொரோனாவக் கொண்டாந்தவங்க' ஆகிப்போனார்கள். யார் வீட்டில் அடுப்பெரிகிறது, எந்தக் கர்ப்பிணியை எங்கே சேர்ப்பது, தனிமையில் வைத்தவனுக்குக் கூலி யார் தருவது என்றெல்லாம் அந்த வாரத்தில் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஆள் யார்? ஊராட்சித் தலைவர்.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 73ஆவது திருத்தத்தோடு அரசியல் சட்டத்தில் வந்த 11ஆவது அட்டவணையில் 23ஆவது இனம் சுகாதாரம். மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், மருந்தகம் எல்லாம் அதற்குள் அடக்கம். இவற்றை உள்ளாட்சிக்கு ஒப்படைக்கலாம் என்று 243-ஜி பிரிவு மாநிலங்களுக்குச் சொல்கிறது. 2005ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரைத் தலைவராக வைத்துவிட்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதியை இணைத் தலைவராக வைக்கிறது. ஏட்டில் இவ்வளவு இருக்கிறது. நடப்பில் தலைவர் கைக்கு வந்தது பிளீச்சிங் பவுடரும் கபசுரக் குடிநீர் அண்டாவும்.

தலைவர் தலித்தாக, அதிலும் பெண்ணாக இருந்தால்? சிதம்பரத்துக்குப் பக்கத்தில் தெற்குத்திட்டை ஊராட்சி. 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்துத் தலைவரானவர் ராஜேஸ்வரி. 2020 ஜூலையில், தொற்று உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த மாதத்தில், ஊராட்சி மன்றக் கூட்டம் நடக்கிறது. துணைத்தலைவர் நாற்காலியில். மற்றவர்கள் நாற்காலியில். தலைவர் தரையில். அக்டோபரில் அந்தப் படம் வெளியே வந்த பிறகுதான் அரசுக்குக் கண் தெரிந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள், ஊராட்சிச் செயலரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். படம் வராதிருந்தால்?

இதை மான அவமானப் பிரச்சினை என்று மட்டும் பேசி முடித்துவிட்டார்கள். நமக்கு அது மட்டுமில்லை, உயிர்ப் பிரச்சினையும்கூட. தரையில் உட்கார வைக்கப்பட்டவர் அந்தக் கூட்டத்தில் 'காலனிக்கு முதலில் தண்ணி விடுங்க' என்று எப்படிச் சொல்வார்? சொன்னால் யார் குறிப்பெடுப்பார்? காலனியில் மூச்சுத் திணறுகிற கிழவியின் சேதி வட்டார மருத்துவ அலுவலருக்குப் போக வேண்டிய பாதையில் முதல் ஆளே தரையில் இருந்தால், அந்தச் சேதி அங்கேயே செத்துவிடும். நாற்காலி மறுக்கப்பட்ட இடத்தில் மருத்துவமும் மறுக்கப்படுகிறது. பறையைப் பிடுங்கிக்கொண்டு ரப்பர் ஸ்டாம்பைக் கொடுத்தால் அது விடுதலை இல்லை, வேறு பெயரில் அதே வெட்டிமை.

'ஆபத்து நேரத்தில் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? நிபுணர் சொன்னதை அமல்படுத்தணும், அவ்வளவுதான்' என்பார்கள். நல்ல படிப்பாளிகளே சொல்கிறார்கள். நிபுணர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தடுப்பூசி எது, மருந்து எது என்று அவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கேள்வி கேட்டதால் எது கெட்டது? சென்னையில் சாவுக்கணக்கு இடிக்கிறது என்று பத்திரிகைகளும் மக்கள் இயக்கங்களும் விடாமல் கேட்டதால்தான் குழு போட்டார்கள், 2020 ஜூலை 22 அன்று விட்டுப்போன 444 சாவுகளைக் கணக்கில் சேர்த்தார்கள். கேட்காமல் இருந்திருந்தால் அந்த 444 பேர் செத்தும் சாகாதவர்கள்.

சிதம்பரத்திலேயே இன்னொரு சாட்சி. 2013இல் அரசு கையில் எடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில், எம்.பி.பி.எஸ்.ஸுக்கு ஆண்டுக் கட்டணம் 5 லட்சத்து 44 ஆயிரம். மற்ற அரசுக் கல்லூரிகளில் 13,610 ரூபாய். 2020 டிசம்பரில் மாணவர்கள் உட்கார்ந்தார்கள். கொரோனா வார்டில் வேலை பார்த்த பயிற்சி மருத்துவர்களும் அதில் இருந்தார்கள். விடுதியை மூடச் சொன்னார்கள், நகரவில்லை. ஐம்பது நாளுக்கு மேல் நின்றார்கள். 2021 ஜனவரிக் கடைசியில் கல்லூரியைச் சுகாதாரத் துறைக்கு மாற்றி ஆணை வந்தது, அடுத்து அரசுக் கட்டணமும் வந்தது. கடலூர் மாவட்டத்துக்கு ஒரு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது, தொற்று நடுவே கூடிக் கேட்டவர்களால். மாணவத் தோழர்கள் இதை மறக்கக் கூடாது.

வரலாற்றையும் கொஞ்சம் புரட்டுவோம். பம்பாய்ப் பகுதியில் பிளேக் பரவியபோது 1897 பிப்ரவரியில் வெள்ளைக்காரன் தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தான். வீட்டைத் திற, ஆளைப் பிடி, சாமானைக் கொளுத்து என்று அதிகாரிக்கு அதிகாரம் தந்த சட்டம். 2020இலும் தூசு தட்டி எடுத்தது அதைத்தான். அதே 1897 மார்ச் 10ஆம் தேதி பூனாவில் சாவித்திரிபாய் புலே இறந்தார். பிளேக் கண்ட ஒரு மகார் சிறுவனைத் தன் தோளில் தூக்கிக்கொண்டு மகன் யஷ்வந்த்தின் சிகிச்சை முகாமுக்குப் போனவருக்கு அந்த நோயே தொற்றியது. மேலிருந்து உத்தரவு போடுவது ஒரு பொதுச் சுகாதாரம், கீழேயிருந்து ஆளைத் தூக்குவது இன்னொரு பொதுச் சுகாதாரம். நம் மரபு எது என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் மாவட்டத்துக்கும் அப்படி ஒரு மரபு உண்டு. காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து 1952இல் நாடாளுமன்றம் போன இளையபெருமாள், 1965இல் மத்திய அரசு அமைத்த தீண்டாமை பற்றிய குழுவுக்குத் தலைவராகி, 1969இல் அறிக்கை கொடுத்தார். டில்லிச் சேதியைச் சேரிக்குக் கொண்டுவர ஆயிரம் பேர் இருந்தார்கள். சேரிச் சேதியை டில்லியின் மேசையில் கொண்டுபோய் வைத்ததுதான் அவர் செய்தது. மக்கள் பிரதிநிதி என்றால் அதுதான். மேலிருந்து வரும் சுற்றறிக்கையைப் படித்துக் காட்டுவதற்கு ஒலிபெருக்கி போதும், எதற்கு ஒரு எம்.எல்.ஏ., எதற்கு ஒரு கவுன்சிலர்?

அதனால் நோய்க்காலத்தில் தொகுதி மக்களுக்கு அறிக்கை விடும் அரசியல்வாதி யாராயிருந்தாலும், நம்மாளாகவே இருந்தாலும், நாம் பார்க்க வேண்டியது ஒன்றுதான். அது அறிவிப்பா, கணக்கா? 'தேவையான நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்பது அறிவிப்பு. இத்தனை படுக்கை, இத்தனை மருத்துவர், இவ்வளவு பணம் வந்தது, இன்ன தெருவுக்குச் செலவானது, இது நடக்கவில்லை, காரணம் இது என்பது கணக்கு. அறிவிப்புக்குக் கை தட்டலாம். கணக்கைத்தான் கேள்வி கேட்க முடியும். நம்மாளு சங்கடப்படுவாரே என்று நாம் வாயை மூடினால், அவரைத் தண்டோரா போட வைத்தவர்கள் ஆவோம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ராஜேஸ்வரியைப் போல 2019இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்த நாளே தேர்தல் வரவில்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள். 2016இல் நடந்த அதே கதை. அடுத்த தொற்று தேர்தல் ஆணையத்தின் தேதியைப் பார்த்து வராது, டெங்குவும் வயிற்றுப்போக்கும் வருஷா வருஷம் வந்துகொண்டேதான் இருக்கின்றன. எனவே பதவிக்காலம் முடிவதற்குள் உள்ளாட்சித் தேர்தல் என்பது நமக்குச் சுகாதாரக் கோரிக்கை. கிராம சபையை எந்தத் தொற்றின் பெயராலும் ரத்து செய்யாதே, இடைவெளி விட்டுக் கூட்டு என்பது சுகாதாரக் கோரிக்கை. நகரத்தில் 2022இல் விதி போட்டுக் கொண்டுவந்த பகுதி சபையைக் காலனிக்குள் வந்து நடத்து என்பது சுகாதாரக் கோரிக்கை. கவச உடையில்லாமல் தொற்றுக் குப்பையை அள்ளியவருக்குப் பெயரை 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றினால் போதாது, வேலையை நிரந்தரமாக்கு என்பதும் அதுதான்.

தோழர்களே, அடுத்த கிராம சபைக்குப் போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை மருத்துவர் இடம், எத்தனை காலி என்று முதலில் கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறாமல் எழுந்திருக்காதீர்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை: தலைவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள்.