கொசு உள்ளான் வந்திருக்கிறான்!

"சித்தி! அதோ பாருங்கள், சேற்றிலே சுண்டெலி ஓடுகிறது!" என்று கூவினாள் என் அக்காள் மகள். காலை ஏழு மணி. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரமாக நாங்கள் இருவரும் நின்று கொண்டிருந்தோம்.

பைனாகுலரை அவள் கையில் கொடுத்தேன். ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். "அட! சுண்டெலிக்கு அலகு இருக்கிறதே!" என்றாள்.

சுண்டெலி இல்லை, சகோதரிகளே! அதன் பெயர் கொசு உள்ளான். ஆங்கிலத்தில் 'லிட்டில் ஸ்டின்ட்' என்பார்கள். சிட்டுக்குருவியை விடச் சற்றுச் சிறிய உருவம். எடை 25, 30 கிராம்; ஒரு சின்ன எலுமிச்சம் பழத்தின் கனம் இருந்தால் அதிகம். ஆனால் அது வந்த தூரத்தைக் கேட்டால் மூக்கின் மேல் விரலை வைப்பீர்கள். வட துருவத்தை ஒட்டிய சைபீரியாவின் பனிச் சமவெளிகள்தான் அதன் பிறந்த வீடு. அங்கிருந்து 6,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, ஆகஸ்டு, செப்டம்பரில் நம் ஊருக்கு வந்து சேருகிறது. ஏப்ரல் வாக்கில் மூட்டை கட்டிவிடும்.

இதை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? முதலில் அது இரை தேடும் விதத்தைப் பாருங்கள். தையல் இயந்திரத்தின் ஊசி போல, சேற்றைக் கொத்திக் கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு பறவை குடுகுடுவென்று ஓடி, சட்டென்று நின்று, யோசித்து, பிறகு கொத்துகிறதா? அது உப்புக்கொத்தி. நம் ஆளுக்கு யோசிக்க நேரமே கிடையாது!

அடுத்தது, கால். கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு; நேரான குட்டை அலகும் கறுப்பு. மேலே சாம்பல் கலந்த பழுப்பு, வயிறு வெள்ளை. இதே அளவில் டெம்மிங்க் உள்ளான் என்று ஓர் ஒன்றுவிட்ட சகோதரன் உண்டு. அவனுக்குக் கால் பச்சை கலந்த மஞ்சள். மார்பு முழுவதும் சாம்பல் நிறம். ஆனால் சேறு அப்பியிருந்தால் எல்லாக் கால்களும் கறுப்புத்தான்! அவசரப்படாதீர்கள். அது தண்ணீரில் இறங்கிக் காலை அலம்பிக் கொள்ளும் வரை காத்திருங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். கிட்டே போகாமல், அசையாமல் உட்கார்ந்தால் போதும். அதுவே சில சமயம் உங்களிடம் வரும்.

இதன் குடும்ப விஷயம் ஒன்றைச் சொன்னால் உங்கள் வீட்டுக்காரர்களிடமும் படித்துக் காட்டுவீர்கள். பெண் பறவை பல சமயம் இரண்டு முறை முட்டையிடும். ஓர் ஈட்டை அப்பா அடைகாப்பார், மற்றதை அம்மா! கோடை முடியும்போது பெரியவர்கள் முதலில் தெற்கே கிளம்பி விடுகிறார்கள். பிறந்து சில வாரங்களே ஆன குஞ்சுகள், பின்னால் தாங்களாகவே வழி கண்டுபிடித்து வந்து சேருகின்றன.

"வழி சொல்ல யாருமே இல்லையா, சித்தி?" என்று கேட்டாள் என் அக்காள் மகள். அவள் முகம் வாடிவிட்டது.

வழி அதற்குத் தெரியும். எனக்குக் கவலை வேறு. அந்தக் கால்களைப் பாருங்கள்; இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் நிற்க முடியாது. அண்டா நிறையத் தண்ணீர் இருந்து என்ன பயன்? அதற்கு வேண்டியது தாம்பாளத்தில் விட்ட தண்ணீர். ஈரச் சேற்றுக்குள் இருக்கும் புழு பூச்சிகள்தான் ஆகாரம். நாமோ சேற்றைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். ஏரியை ஆழப்படுத்தி, கரையைச் சுற்றிலும் கல் பதித்து, படகும் விட்டால் "ஆகா, என்ன அழகு!" என்கிறோம். மனிதருக்கு அழகு, உள்ளானுக்குச் சாப்பாட்டு இலை பறிபோகிறது.

பள்ளிக்கரணைக்கு 2022-ல் ராம்சார் என்னும் சர்வதேச அந்தஸ்து கிடைத்தது. சந்தோஷம். ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத ஏரி உங்கள் பேட்டையிலும் ஒன்று இருக்கும். அதை 'அழகுபடுத்தும்' பேச்சு எழுந்தால், ஓரத்தில் ஒரு பக்கமாவது சரிவான சேற்றுக் கரையை விட்டு வைக்கும்படி நீங்கள் சொல்லுங்கள். வீட்டில் விருந்தாளிக்கு எதில் பரிமாறுவது என்பதைப் பெண்களை விட அறிந்தவர் யார்?

திரும்பும்போது என் அக்காள் மகள் பாவாடையெல்லாம் சேறு. அக்காளிடம் திட்டு எனக்குத்தான் கிடைத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போகப் போகிறோம்.