பால் காட்டாத ஒரு சொல்லும் பயிற்சியாளர் நாற்காலியும்

வெள்ளறடையில் வளர்ந்தவருக்கு விளையாட்டுச் செய்தியை இரு மொழிகளில் படிக்கும் வாய்ப்பு இயல்பாக அமைகிறது. மலையாளத்தில் 'பரிசீலகன்', 'பரிசீலக' என்று (நம்முடைய 'பரிசீலனை' அல்ல, பயிற்சி) கற்றுத்தருபவரின் பால் சொல்லிலேயே புலப்பட்டுவிடும். தமிழிலோ, களத்தில் ஆடுவோர் 'வீரர்', 'வீராங்கனை' எனப் பிரிந்தாலும், கற்றுத்தருபவர் 'பயிற்சியாளர்' மட்டுமே. மொழியியல் மாணவருக்கு இது இனிய செய்தி. ஆனால் சொல்லில் இல்லாத தடை மைதானத்தில் இருக்கிறது.

சுஜாதா கரை எடுத்துக்கொள்வோம். வங்கத்தைச் சேர்ந்த இவர் இந்திய அணியின் முன்கள வீராங்கனையாக இருந்தவர். ஜெர்மானியக் கழகத்துக்கு ஆடச் சென்ற முதல் இந்தியப் பெண்களுள் ஒருவர். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் பெண்கள் அணிகளின் பயிற்சிக்கு வந்தார். ஈஸ்ட் பெங்கால் மகளிர் அணி 2023-இல் கன்யாஸ்ரீ கோப்பையை வென்றது இவருடைய பயிற்சியில்தான். அதே கழகம் 2025-இல் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றபோது பயிற்சியாளர் ஆண்டனி ஆண்ட்ரூஸ்.

இது ஒரு கழகத்தின் கதை மட்டுமன்று. 2019-இல் மதுரையின் சேது அணி லீக்கை வென்றபோது பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த். 2020-இல் கோகுலம் கேரளா வென்றபோது கண்ணூரைச் சேர்ந்த பி.வி. பிரியா. அடுத்து 2022 முதல் 2025 வரை நான்கு பட்டங்கள். நான்கிலும் தலைமைப் பயிற்சியாளர் ஆடவர். மூன்று ஆண்ட்ரூஸுடையவை, ஒன்று கிறிஸ்பின் செத்ரியுடையது. 2025 ஜூலையில் சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என வென்று ஆசியக் கோப்பைக்கு இந்தியப் பெண்கள் தகுதி பெற்றபோதும் தலைமைப் பயிற்சியாளர் செத்ரியே. லீக் பட்டம் பெற்றுத்தந்த பிரியா அங்கே துணைப் பயிற்சியாளர்.

ஆண்ட்ரூஸ், செத்ரி ஆகியோரின் தகுதியை நான் ஐயுறவில்லை, பட்டங்களே சான்று. தகுதியானவரைத் தேடினோம், ஆடவரே கிடைத்தனர் என்று கழகங்கள் சொல்லக்கூடும். அந்த விடையைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. பயிற்சியாளர் கிடைப்பதில்லை, உருவாக்கப்படுகிறார். எங்கள் நெய்யாற்றின்கரை வட்டத்துப் பொழியூரிலிருந்து சந்தோஷ் கோப்பைக்குச் சென்ற ஆடவர் பலர். ஆட்டம் ஓய்ந்தபின் அத்தகையோருக்கு ஊர்க் கழகமும் துறைவேலையும் ஓரளவு பிடிமானம் தருகின்றன. முப்பது வயதில் ஓயும் வீராங்கனைக்கு அத்தகைய பிடிமானம் அரிது. திருமணம், வேலை, உரிமப் படிப்புக்கான செலவு ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் வாசலில் நிற்கின்றன.

சுவீடனின் பியா சுந்தாகே 146 ஆட்டங்களில் 71 கோல் அடித்த முன்கள வீராங்கனை. பின்னாளில் அமெரிக்க மகளிர் அணிக்கு 2008, 2012 ஒலிம்பிக் தங்கங்களைப் பெற்றுத்தந்தார். பலரும் நினைவுகூர்வது அந்தத் தங்கங்களை. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய ஒரு சிறு செய்தி: 1990-களின் தொடக்கத்தில் ஹம்மர்பி கழகத்தில் அவர் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒருசேர இருந்தார். காலணியைக் கழற்றுமுன்னரே அடுத்த தொழில் அவர் கையில் இருந்தது.

இங்கும் அது இயலாததன்று. ஓய்வை நெருங்கும் வீராங்கனை ஒருவரையேனும் ஊதியத்தோடு துணைப் பயிற்சியாளராக அமர்த்தி, உரிமப் படிப்பின் கட்டணத்தையும் ஏற்க வேண்டும் என லீக்கில் ஆடும் ஒவ்வொரு கழகத்துக்கும் விதிக்கலாம். ஒரு வெளிமாநில வீராங்கனையை ஒப்பந்தம் செய்வதைவிட அதற்குப் பெரிதாகச் செலவாகிவிடாது என்றே நினைக்கிறேன்.