கண்ணுக்குப் புலப்படாத நெருப்பு

சீனன்குடாவின் எண்ணெய்த்தாங்கிகளுக்கருகே தீக்குச்சி உரசத் துணிபவர் எவருமிலர். 1942 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அத்தாங்கிகளுள் ஒன்று பற்றியெரிந்தது. நெருப்பைக் கண் காணும். அதன் வெம்மையை உடல் உணரும். ஆதலின் அங்கே விதி மதிக்கப்படுகின்றது. ஊடுகதிருக்கோ நிறமில்லை, மணமில்லை, சூடில்லை. எனவேதான் வைத்தியசாலைகளிலே அதற்கான விதி பெரும்பாலும் சுவரில் தொங்கும் அட்டையோடு நின்றுவிடுகின்றது.

சட்டம் இல்லையென்று எவரும் கூறமுடியாது. 1969 ஆம் ஆண்டின் அணுசக்தி அதிகாரசபைச் சட்டத்தின் இடத்தை 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டம் பெற்றது. ஒழுங்குபடுத்தலுக்கெனத் தனிப் பேரவையும் அமைந்தது. கதிர்வீச்சுப் பணியாளர் பெறும் அளவு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவேட்டைத் தாண்டலாகாது. பொதுமக்களுக்கு 1 மில்லிசீவேட்டே எல்லை என்பது உலகம் ஏற்ற நியமம். குறை சட்டத்திலன்று; அறிவூட்டலிலும் நடைமுறையிலுமே உள்ளது.

இதனைச் சுட்டினால் மூன்று மறுமொழிகள் வரும். முதலாவது, “அளவு மிகச் சிறிது” என்பது. நோயாளிக்கு ஒரு படம் சிறிதுதான். ஆனால், சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஊடுகதிர்த் திரையைப் பார்த்தவாறு நாடோறும் பணிபுரியும் வைத்தியரும் தாதியும் நோயாளியின் உடலிற் பட்டுச் சிதறும் கதிரை ஆண்டுக்கணக்காக ஏற்கின்றனர். எடிசனின் உதவியாளர் கிளாறன்ஸ் டாலி 1904 இல் மாண்டதும் ஒரு நாளில் நேர்ந்த விபத்தாலன்று.

இரண்டாவது, “அது கதிர்ப்படப்பிடிப்பாளரின் வேலை” என்பது. அழும் குழந்தையை இயந்திரத்தின் முன் பிடித்திருக்குமாறு பணிக்கப்படுபவர் யார்? பெரும்பாலும் தாதியோ சிற்றூழியரோதான். கதிர்மூலத்திலிருந்து ஒரு மீற்றரில் உள்ள செறிவு இரண்டு மீற்றரில் நாலிலொன்றாகும் என்பதை அவருக்கு எவரும் சொன்னதுண்டா? ஈய மேலங்கியை மடித்தெறிந்தால் உள்ளே வெடிப்புண்டாகும், தொங்கவிடவேண்டும் என்பதை? மார்பில் அணியவேண்டிய கதிர்வீச்சுமானியை இழுப்பறையில் வைத்தால் அது இழுப்பறையின் அளவையே கூறும் என்பதை?

மூன்றாவது, “விளக்கினால் வீண் அச்சம் பிறக்கும்” என்பது. உண்மை இதற்கு நேர்மாறானது. ஆளி நிறுத்தப்பட்டவுடன் ஊடுகதிர் இல்லாதொழிகின்றது. படம் எடுக்கப்பட்ட நோயாளியோ கட்டிலோ கதிர் வீசுவதில்லை. இதனை அறியாதவரே அஞ்சவேண்டாததற்கு அஞ்சி ஒதுங்குகின்றனர். அஞ்சவேண்டிய இடத்தில் மேலங்கியின்றி நிற்கின்றனர். அறியாமை அச்சத்தையும் அசட்டையையும் ஒருங்கே ஈனுகின்றது.

பல்கலைக்கழகத்தார் இதனை வைத்தியசாலையின் குறையென்று தள்ளிவிடுதல் தகாது. 2010 ஆம் ஆண்டில் டில்லிப் பல்கலைக்கழக இரசாயனத்துறையின் பழைய கருவியொன்று ஏலத்திற் போய், அதிலிருந்த கோபாற்று-60 மாயாபுரியிலுள்ள பழைய இரும்புக் கடைகளைச் சென்றடைந்தது. ஓர் உயிர் பலியாயிற்று. கற்றோர் கூடத்திலேயே தொடங்கிய கேடு அது. 1987 இல் பிறேசிலின் கோயானியாவிலே கைவிடப்பட்ட சிகிச்சை நிலையத்தின் சீசியம் நால்வரைக் கொன்றது. இரண்டிடத்தும் மாண்டவர்கள் தாம் தொட்டது யாதென்று அறியாதவர்களே.

ஆகவே நாம் கோருவது பெரிதன்று. கதிர்வீச்சுக்கருகே நிற்கும் ஒவ்வொருவருக்கும், சிற்றூழியர் உட்பட, அவரவர் மொழியிலே ஆண்டுதோறும் பயிற்சி வேண்டும். மானியின் கணக்கு அலுவலகக் கோப்பில் உறங்காது அணிந்தவரின் கையை அடையவேண்டும். கருவுற்ற பணியாளர் அதனை அச்சமின்றி அறிவித்து வேறு பணி பெறும் நிலை வேண்டும். ஊடுகதிருக்கும் கதிர்த்தொழிற்பாட்டுக்கும் தமிழிற் சொற்கள் உண்டு. அச்சொற்கள் பாடநூலைவிட்டு நோயாளர் விடுதிக்குள் இன்னும் நுழையவில்லை. தமிழில் விஞ்ஞானம் கற்பிக்கலாம் என்று மேடையிலே முழங்கும் நாம், ஒரு சிற்றூழியர் தம் உயிரைக் காத்துக்கொள்ளப் போதுமான தமிழையேனும் எழுதித்தரக் கடமைப்பட்டுள்ளோம்.